வேண்டாம் என்று சொல்ல ஒரு மலை

"மச்சான், மல்லிகா மேல பனி சரிஞ்சிருச்சு. பயப்படாதீங்க, இடுப்பு வரைக்கும்தான்."

மாப்பிள்ளை சேகர் அமெரிக்காவில் மில்பிடாஸிலிருந்து போனில் சொன்ன வாசகம் இது. மேட்டுப்பாளையம் டாக்ஸி ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கிற பூத்துக்காரர் கூப்பிட்டு, கையில் டயர் மண்ணோடு ஓடிப்போய் ரிசீவரை வாங்கியிருந்தேன். ஆற்றில் இறங்கித் துணி அலசினவளைப் பற்றிச் சொல்கிற மாதிரி, இடுப்பு வரைக்கும்தான் என்கிறார்! பேசி முடித்ததும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தவன், சவாரிக்கு ஆள் வந்து கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை.

நான் ஏழாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். பயப்படுவதில் மட்டும் பெரிய படிப்பு படித்திருக்கிறேன். குன்னூர் மலைப்பாதையில் அம்பாசிடர் ஓட்டுகிறேன். ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடிப்பேன், எதிரே வண்டி வராவிட்டாலும் அடிப்பேன். மழைக்காலத்தில் மண் கரைந்து ரோட்டோடு சேர்ந்து கீழே போனதைக் கண்ணால் பார்த்தவன் வேறு எப்படி ஓட்டுவான்? ஸ்டாண்டில் எனக்குப் பெயர் 'ஹாரன் மணி'. என் தங்கச்சி மல்லிகா எனக்கு நேர் எதிர். சின்ன வயதில் ரயில் பாலத்தின் மேல் நடந்து அக்கரைக்குப் போய்விட்டு, "இந்தப் பக்கம் வாண்ணா" என்று கையாட்டுகிற ஜாதி. படித்தாள், கம்ப்யூட்டர் வேலைக்கு அமெரிக்கா போனாள், சேகரைக் கட்டிக்கொண்டாள். அதெல்லாம் சரி. சனிக்கிழமையானால் பனிமலைக்குப் போகிறாள் என்பதுதான் சரியில்லை.

அங்கே போய் என்ன பண்ணுகிறாள் என்று சேகர் விளக்கினார். மலையில் விழுந்த பனியைத் தோண்டிப் பார்ப்பார்களாம். மேல் அடுக்கு கீழ் அடுக்கோடு ஒட்டிக்கொண்டிருக்கிறதா, சரிந்து ஓடப் பார்க்கிறதா என்று சோதித்து, சாயங்காலம் போனில் சொல்வார்களாம். அதை ஒருவர் ரெக்கார்ட் பண்ணி வைப்பார். அடுத்த நாள் மலைக்குப் போகிறவர்கள் போன் போட்டுக் கேட்டுக்கொள்வார்கள். சம்பளம் கிடையாது. "நீங்க நேர்ல வந்து சொன்னாத்தான் விடுவா மச்சான். நான் சொல்லிச் சொல்லி என் வாய் வலிக்குது."

அடுத்த குளிர்காலத்தில், கழுத்தில் மஃப்ளரும் மனசில் ஒரே ஒரு வேலையுமாக அமெரிக்காவில் போய் இறங்கினேன்.

மில்பிடாஸில் முதல் நாள் எனக்கு ஏமாற்றமாக இருந்தது. பனி எங்கே? வெயில் அடித்தது. எலுமிச்சை மரத்தில் காய். கடைத்தெருவில் இட்லி கிடைத்தது, சாம்பாரில் முருங்கைக்காய்கூட இருந்தது, ஆனால் கட்டை மாதிரி வெந்திருந்தது. பக்கத்து மேஜையில் நம்ம ஊர்ப் பையன்கள் நாலு பேர் கிரீன் கார்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். "உனக்கு எந்த ஸ்டேஜ்ல இருக்கு மச்சி?" என்று ஒருத்தன் கேட்ட தொனி ஆபரேஷன் தியேட்டர் வாசலில் விசாரிக்கிற மாதிரி இருந்தது. எனக்குத் தெம்பு வந்தது. இந்த ஊரிலும் பயந்துகொண்டு இருப்பவர்கள் நிறைய இருக்கிறார்கள்.

சேகரே அப்படித்தான். ரெண்டாயிரம் ஆண்டு பிறந்தால் கம்ப்யூட்டர்கள் எல்லாம் ரெண்டு சைபரைப் பார்த்துக் குழம்பி நின்றுவிடும் என்று ஆபீஸில் எல்லோருக்கும் பயம். அந்தப் பயத்துக்குச் சம்பளம் கொடுத்துச் சனி ஞாயிறும் வேலை வாங்கினார்கள். அதனால் மலைக்கு அவர் வரவில்லை.

ராத்திரிச் சாப்பாட்டில் வந்த விஷயத்தை எடுத்தேன். "அம்மணி, போதும். விட்டுரு."

மல்லிகா ரசத்தை ஊற்றிக்கொண்டே, "ஒரு நாள் என்கூட வாண்ணா. வந்து பாரு. பார்த்துட்டு அப்பவும் வேண்டாம்னு சொன்னீன்னா விட்டுடறேன். சத்தியமா" என்றாள்.

சேகர் மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தார். ஒத்துக்கங்க மச்சான் என்று அர்த்தம். ஒத்துக்கொண்டேன். அப்போதே ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது. வேண்டாம் என்று சொல்லத்தானே இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன்?

மறுநாள் மலையேறும் இடத்தில் போலீஸ் வண்டி நின்று எல்லோரையும் ஓரம் கட்டியது. பனியில் வழுக்கும், டயருக்குச் சங்கிலி கட்டாமல் மேலே போகக்கூடாது. மல்லிகா காப்பி வாங்கக் கடைக்குள் போனாள். "இது டிரைவர் வேலை, நான் பார்த்துக்கறேன்" என்று நான் இறங்கினேன். கை மரத்துப்போய், முட்டி நனைந்து, ரெண்டு பின் சக்கரத்திலும் சங்கிலியை இறுக்கிக் கட்டினேன். நகை போட்ட மாதிரி இருந்தது.

மல்லிகா வந்து வண்டியை எடுத்தாள். முன் சக்கரம் இருந்த இடத்திலேயே கிர்ரென்று சுற்றியது. பின்னாலிருந்தவன் ஹாரன் அடித்தான். ஹாரன் மணிக்கே ஹாரன்! மஞ்சள் கோட்டுப் போட்ட ஒரு ஆள் ஓடிவந்தான். காசு வாங்கிக்கொண்டு சங்கிலி கட்டிவிடுகிறவன். குனிந்து பார்த்து எழுந்தான், மறுபடியும் குனிந்து பார்த்தான்.

"சார், இந்தக் காரை எந்தச் சக்கரம் இழுக்குதுன்னு நினைக்கிறீங்க?" என்றானாம்.

அம்பாசிடரைப் பின் சக்கரம்தான் தள்ளும். உலகத்தில் எல்லாக் காரையும் பின் சக்கரம்தான் தள்ளும் என்று இருபத்தைந்து வருஷமாக நம்பியிருந்தேன். இந்த டொயோட்டாவை முன் சக்கரம் இழுக்கிறதாம். மல்லிகா ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தாள். "இதைச் சேகர்கிட்டச் சொல்லாதே" என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். அவள் சத்தியம் பண்ணவில்லை.

மேலே ஒரு சின்ன ஊரில் மல்லிகாவின் கூட்டாளிகள் ரெண்டு பேர் காத்திருந்தார்கள். ஹாங்க் என்று ஒரு தாடிக்காரர், மரவேலை செய்பவர், கதவு நிலையில் குனிந்துதான் நுழைவார். ஜூடி என்று ஒரு அம்மா, பள்ளிக்கூடத்தில் பஸ் ஓட்டுகிறார். எனக்கு உடனே பிடித்துப்போயிற்று, நம்ம தொழில். ராத்திரி உணவுக்கு அங்கே கல்தோசை கனத்தில் ஒரு இனிப்பு அப்பம் கொடுத்து, அதன் மேல் பாகு ஊற்றினார்கள். நான் பையிலிருந்து மிளகாய்ப்பொடியை எடுத்துத் தூவினேன். பரிமாறிய பெண் நின்று பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் பாகு தரட்டுமா, இல்லை தீயணைப்பு வண்டியைக் கூப்பிடட்டுமா?" என்றாள்.

ஹாங்க் என் மலையைப் பற்றி விசாரித்தார். பனி கிடையாது, மழையில் மண் சரியும், சில நாள் கல்லாறு வளைவில் யானை நிற்கும் என்றேன். மல்லிகா மொழிபெயர்த்ததும் கரண்டியைக் கீழே வைத்தார்.

"யானையா? ரோட்டிலா? அப்போ என்ன செய்வீங்க?"

"லைட்டை அணைச்சுட்டு அது போறவரைக்கும் உட்கார்ந்திருப்பேன்."

"ஐயோ, நான் அந்தப் பக்கமே வர மாட்டேன்" என்றார் அந்த ஆறரையடி மனிதர். இவரோடு மலைக்குப் போகலாம் என்று எனக்கு அப்போதுதான் ஒரு நம்பிக்கை வந்தது.

காலையில் முறம் மாதிரி ஒன்றைக் காலில் கட்டிவிட்டார்கள். அதைக் கட்டினால் பனியில் கால் புதையாது. கையில் ஊன்றிக்கொள்ள ரெண்டு குச்சி. நெஞ்சில் ஒரு சின்னப் பெட்டி, அது சதா சத்தமில்லாமல் சிக்னல் அனுப்பிக்கொண்டிருக்கும். யாராவது புதைந்தால் மற்றவர்கள் தங்கள் பெட்டியைத் திருப்பி வைத்து, பீப் சத்தத்தை வைத்துத் தேட வேண்டும். வண்டி நிறுத்துமிடத்திலேயே ஜூடி ஒரு பெட்டியைப் பனியில் புதைத்துவிட்டு, என்னைத் தேடச் சொன்னார். இது விளையாட்டுத்தான் என்று தெரிந்தும், உள்ளே மல்லிகா இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு தேடினேன். பீப் பீப் என்று சத்தம் நெருங்கி, ஒரே கூச்சலாக மாறிய இடத்தில் முழங்காலில் விழுந்து கையாலேயே தோண்டி எடுத்தேன். ஜூடி கை தட்டினார். எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது.

மரங்களுக்கு நடுவே ஏறினோம். மேலே முகட்டிலிருந்து பார்த்தால் எதிரே பெரிய வாணலி மாதிரி ஒரு பள்ளம் தெரியுமாம், அதன் சுற்றுச் சரிவுகளில்தான் பெரிய பனிச்சரிவுகள் வரும். குளிர்காலம் தொடங்கினதிலிருந்து மேகம் மறைத்து அதைப் பார்க்கவே முடியவில்லை, இன்றைக்குத்தான் வானம் விட்டிருக்கிறது என்று மல்லிகா நூறு தடவை சொன்னாள். கல்யாணத்துக்குப் போகிறவள் மாதிரி நடந்தாள்.

பாதி வழியில் தோண்டினார்கள். ஆள் உயரப் பள்ளம். பனியில் அடுக்கு அடுக்காகக் கோடு தெரிந்தது. நடுவில் ஒரு அடுக்கு மட்டும் ரவை மாதிரி உதிர்ந்தது. மல்லிகா ஒரு தூணை அறுத்து நிறுத்தி, அதன் தலையில் பனி அள்ளுகிற மண்வெட்டியை வைத்து, முதலில் விரலால் தட்டினாள். ஒன்றும் ஆகவில்லை. பிறகு முழங்கையை மடக்கித் தட்டினாள். மேல் பாதி, மேஜை டிராயரை இழுத்த மாதிரி, வழுக்கி அவள் மடியில் வந்து விழுந்தது.

"பாத்தியா? அந்த ரவைதான் வில்லன்" என்றாள். அவள் முகத்தில் சிரிப்பில்லை.

அங்கிருந்து கிளம்பி ஒரு திறந்த இடத்துக்கு வந்தோம். மரமில்லாத சின்னச் சரிவு, கீழே ஓடை. அதைக் கடந்தால் சீக்கிரம் போய்விடலாம். ஹாங்க் நின்றார். என்னைப் பார்த்து, "மணி, உங்களுக்கு என்ன தோணுது?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. பின்னால் யாரையாவது கேட்கிறாரோ என்று திரும்பிப் பார்த்தேன்.

மல்லிகா சொன்னாள்: "இதுதான் எங்க வழக்கம்ண்ணா. ஒவ்வொரு சரிவுக்கும் முன்னாடி ஒவ்வொருத்தரையும் பேர் சொல்லிக் கேப்பாங்க. வாயைத் தொறந்து சரின்னோ வேண்டாம்னோ சொல்லணும். ஒருத்தர் வேண்டாம்னாலும் எல்லாரும் திரும்பிடுவோம். காரணம் கேக்கக் கூடாது, கேலி பண்ணக் கூடாது. புதுசா வந்தவங்களைத்தான் முதல்ல கேக்கணும். பெரியவங்க முதல்ல சொல்லிட்டா, அப்புறம் யாருக்கும் வாய் வராது."

நம்ம ஊரில் எந்தச் சபையிலாவது ஏழாவது படித்தவனை முதலில் கேட்டிருக்கிறார்களா?

"வேண்டாம்" என்றேன். தமிழில்தான் சொன்னேன். மொழிபெயர்க்குமுன்பே ஹாங்க் திரும்பிவிட்டார்.

அவ்வளவுதான். யாரும் முகத்தைச் சுளிக்கவில்லை. மரங்களுக்குள்ளே நெடுநேரம் சுற்றிக்கொண்டு போனோம். முதுகுக்குப் பின்னால் சிரிக்கிறார்களா என்று நான் நாலைந்து தடவை திரும்பிப் பார்த்தேன். ஜூடி மூச்சு வாங்கிக்கொண்டே கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். ஸ்டாண்டில் இத்தனை வருஷம் நான் அடித்த ஹாரனுக்கெல்லாம் யாரோ பதில் ஹாரன் அடித்த மாதிரி இருந்தது.

மத்தியானம் ஒரு பாறை மறைவில் சாப்பிட்டோம். மல்லிகா கொண்டுவந்த தயிர்சாதம் கல்லாகியிருந்தது. ஹாங்க் கத்தியால் வெட்டி ஆளுக்கொரு துண்டு கொடுத்தார். வாயில் ஊறவைத்துத்தான் சாப்பிட வேண்டியிருந்தது. "ஐஸ்கிரீமில் கடுகு போடுவீங்களா?" என்று ஜூடி மரியாதையாகக் கேட்டார்.

முகட்டுக்குக் கொஞ்சம் கீழே இன்னொரு சரிவு வந்தது. இது பெரியது. வெள்ளை வேட்டியை உதறி விரித்த மாதிரி, ஒரு மடிப்பில்லாமல், வெயிலில் மினுங்கியது. அதன் அந்தப் பக்கம் முகடு, முகட்டுக்கு அப்பால் வாணலி. மல்லிகாவின் கண் அங்கேயே இருந்தது. காலடியில் எங்கோ பனி அமுங்கி 'தொம்' என்று ஒரு சத்தம், லாரியிலிருந்து மூட்டை இறக்கின மாதிரி. குச்சிகளை இறுக்கிப் பிடித்தேன்.

"மணி?" என்றார் ஹாங்க்.

வேண்டாம் என்பது தொண்டை வரைக்கும் வந்தது. ஆனால் காலையில் ஒரு தடவை சொல்லி எல்லோரையும் சுற்ற வைத்தாயிற்று. மறுபடியும் சொன்னால் பொழுது போய்விடும், வாணலியைப் பார்க்க முடியாது. இவள் எவ்வளவு ஆசையாக வந்தாள்! என் அண்ணன், என் அண்ணன் என்று இவர்களிடம் எவ்வளவு பெருமையாகச் சொல்லியிருக்கிறாள்!

"சரி" என்றேன்.

ஜூடியும் சரி என்றார். அடுத்தது மல்லிகா. அவள் அந்தச் சரிவைப் பார்த்தாள். முகட்டைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரயில் பாலத்தின் மேல் நடந்த பெண், இப்போது ஒரு அடி எடுத்து வைக்கப்போகிறாள் என்று என் உடம்பெல்லாம் காத்திருந்தது.

"நான் வேண்டாம்ங்கறேன்" என்றாள்.

ஹாங்க் திரும்பிவிட்டார். மல்லிகா என் பக்கம் வந்து தாழ்ந்த குரலில் பிடித்துக்கொண்டாள். "நீ எதுக்குச் சரின்னே? குச்சியைப் புடிச்சிருக்கற புடியைப் பாரு, உடைஞ்சிரும் போல. உனக்குப் பயமா இருந்துச்சா இல்லையா?"

"இருந்துச்சு."

"அப்புறம்?"

"உனக்காகத்தான் அம்மணி சரின்னேன்."

அவள் தன் குச்சியைப் பனியில் ஊன்றினாள். "போன வருஷம் சரிவு வந்தப்ப நாங்க நாலு பேர் இருந்தோம்ண்ணா. நாலு பேருக்கும் உள்ளுக்குள்ள உறுத்துச்சு. ஒருத்தரும் சொல்லல. எனக்காக அவங்க, அவங்களுக்காக நான். இடுப்பு வரைக்கும் நின்னது அதிர்ஷ்டம். அதுக்கப்புறம்தான் இந்தக் கேள்வி கேக்கற வழக்கத்தையே வெச்சோம்."

நான் கடல் தாண்டி வந்தது இவளுக்குக் கொஞ்சம் பயம் கொண்டுவந்து கொடுக்க. இவளிடம் ஏற்கெனவே இருக்கிறது. என்னுடைய பயம் ஹாரன், எல்லா வளைவிலும் சத்தம் போடும். இவளுடையது பிரேக். வேண்டிய இடத்தில் பிடிக்கும். அதுவும் ஆசை ஆசையாக வந்த இடத்தில் பிடிக்கும். எனக்கு அந்தப் பனியிலேயே ஒரு ஆட்டம் போடலாம் போலிருந்தது. முறம் கட்டின காலோடு ஆட முடியாது என்பதால் விட்டேன்.

மரங்கள் அடர்ந்த முதுகுப்பாதை வழியாக ஊர்ந்து ஊர்ந்து, வெயில் சாயுமுன் முகட்டைப் பிடித்துவிட்டோம். வாணலி கண்முன்னே கிடந்தது. மல்லிகா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

எதிர்ப்பக்க உச்சியில் கூரை விளிம்பு மாதிரி தொங்கிக்கொண்டிருந்த பனியில் ஒரு துண்டு உடைந்து விழுந்தது. ஒரு மாட்டுவண்டி அளவுதான் இருக்கும். விழுந்த இடத்திலிருந்து ஒரு கோடு ஓடியது. துணி கிழிகிற மாதிரி, மலையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு. ஒரு நொடி ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த நொடி அந்தச் சரிவு முழுக்க நடக்க ஆரம்பித்தது! பாளம் பாளமாக உடைந்து, புரண்டு, புகையாகி, கீழே வாணலியின் அடியில் மோதி மறுபக்கம் ஏறிப் பொங்கியது. சத்தம் அதற்கப்புறம்தான் வந்தது. நெஞ்சுக்கூட்டுக்குள் வந்தது.

ஹாங்க் தொப்பியைக் கழற்றிவிட்டார். ஜூடி "ஓ! ஓ!" என்று கத்தினார். நான் ரெண்டு விரலை வாயில் வைத்து, தரை டிக்கெட்டில் அடிக்கிற விசிலை அடித்தேன். எதிர் மலை வாங்கித் திருப்பிக் கொடுத்தது.

நாங்கள் வேண்டாம் என்று சொன்ன சரிவுகள் ரெண்டும் அப்படியேதான் கிடந்தன, அதையும் சொல்லிவிடுகிறேன். இறங்கும்போது பார்த்தேன், ஒரு கீறல் இல்லை. போயிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காதோ என்னவோ. ஆனாலும் எனக்கு வருத்தமாக இல்லை. மல்லிகாவுக்கும் இல்லை.

வண்டி நிறுத்துமிடத்தில், முன் சக்கரத்துச் சங்கிலியை நானே சரிபார்த்து முடித்ததும் அவள் எதிரே வந்து நின்றாள். "சரிண்ணா. நீதான் கடைசி. நான் இனிமேலும் மலைக்கு வரலாமா, வேண்டாமா? சொல்லு."

"சரி" என்றேன். "இந்தச் சரி நிஜமான சரி."

அவள் அங்கிருந்த டெலிபோன் கூண்டுக்குப் போய் அன்றைய செய்தியைச் சொன்னாள். பனி ஒட்டவில்லை, ஜாக்கிரதை என்று என் தங்கச்சி ஊருக்கே சொல்வதைக் கேட்டுக்கொண்டு வெளியே நின்றேன். ஹாரன் குடும்பம்தான், சந்தேகமில்லை.

மில்பிடாஸில் சேகர் வாசலிலேயே காத்திருந்தார். நான் சரி சொல்லிவிட்டேன் என்றதும், தான் ஓட்டுப் போட்டு அனுப்பின ஆள் கட்சி மாறிவிட்ட மாதிரி பார்த்தார். "என்ன மச்சான், உங்களை நம்பித்தானே டிக்கெட் அனுப்பினேன்!"

"மாப்ள, அங்க என்னைவிடப் பயந்தவங்க மூணு பேர் இருக்காங்க. பொறுப்பை அவங்க கையில கொடுத்துட்டு வந்திருக்கேன்" என்றேன். மல்லிகா சங்கிலிக் கதையைத் தொடங்கினாள். சேகர் சிரித்ததில் பாதிக் கோபம் போய்விட்டது. மீதிப் பாதிக்கு, அடுத்த தடவை கூட வந்து பார்ப்பதாக ஒத்துக்கொண்டார்.

ஊருக்குக் கிளம்பின நாள் ஏர்போர்ட்டுக்கு லேட்டாகிவிட்டது என்று சேகர் ஃப்ரீவேயில் பறந்தார். பக்கத்தில் லாரி, முன்னால் லாரி. முன் சீட்டில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். முன்பென்றால் கண்ணை மூடிக்கொண்டு முருகனைக் கூப்பிட்டிருப்பேன். இப்போது கையைத் தூக்கினேன்.

"மாப்ள, நான் வேண்டாம்ங்கறேன்."

"என்ன வேண்டாம் மச்சான்? எல்லாரும் இந்த ஸ்பீட்லதான்…"

பின் சீட்டிலிருந்து மல்லிகாவின் குரல் வந்தது. "காரணம் கேக்கக் கூடாதுங்க. ஒருத்தர் சொன்னா போதும்."

சேகர் கண்ணாடியில் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார். கார் மெதுவானது. என் பேச்சைக் கேட்டு ஒரு வண்டி மெதுவானது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை, அதுவும் ஹாரன் அடிக்காமல்.